சில்லு சுழலாத நாள்

உம்மாவின் மரப்பெட்டியை இன்று காலை என் மகள் திறந்தாள். ஜனவரி மாதத்தின் கடைசி நாளில் அந்தப் பெட்டியைத் திறப்பது எங்கள் வீட்டு வழக்கம். அடியில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் துணியை எடுத்து, அஸர் தொழுகைக்குப் பிறகு செவ்வரத்தை வேலியின் மேல் விரிக்கவேண்டும். இரவுப் பனி முழுவதும் அதன்மேல் விழவேண்டும். சுபஹுக்குப் பிறகு எடுத்து மடித்துவைத்தால் தலைவலிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வருடம் முழுவதும் அதைக் கட்டிக்கொள்ளலாம். மகள் துணியை உதறியபோது காய்ச்சலுக்குப் பூசும் ஓடிக்கொலோன் வாசம் வந்தது. எத்தனையோ தடவை துவைத்த துணி, வாசம் வர நியாயமில்லை. மகளைக் கேட்டேன். அவளுக்குக் கர்ப்பூர வாசம் மட்டும்தான் வந்ததாம். எனக்கு வந்தது உன் நெற்றியின் வாசம்.

நீ போய் நாளை மறுநாளோடு நான்கு வருடம். இறந்தவனுக்குக் கடிதம் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை, துஆக் கேட்பதோடு சரி. ஆனால் நீ உயிரோடு இருந்தபோது சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அது இன்னும் செரிக்கவில்லை.

பேராதனைச் சந்தியின் கூட்ஸ் செட்டில்தான் நாம் பழகினோம். கொழும்பிலிருந்து ரயிலில் வரும் அரிசி மூட்டைகளை எங்கள் ஐந்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, பன்வில, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது எங்கள் குடும்பத் தொழில். நீ அங்கே கிளார்க். செம்பட்டை முடி, புள்ளி விழுந்த வெள்ளைக் கன்னம், தலையில் தொப்பி. முதல் நாள் உன்னைக் கண்டு பயபக்தியோடு "குட் மார்னிங் சேர்" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்து, "வாங்க நானா, ரெண்டு மூட்ட நனஞ்சிருக்கு, வந்து பாத்துக்குங்க" என்றாய். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் 'நானா', மற்றதெல்லாம் அசல் மடுல்கெல்லத் தோட்டத்துக் கூலி லயத்துப் பேச்சு. மூட்டை தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் தொடங்கியது நம் சினேகிதம்.

உன் பாட்டன் அயர்லாந்துக்காரர். பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறி வந்தவர். பட்டாளத்தை விட்ட பிறகு மலையில் ரோட்டு வெட்டும் வேலைக்கு ஓவர்சியரானார். லயத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே மாண்டார். அவர் உனக்கு விட்டுச் சென்றது வாயில் நுழையாத ஒரு பெயரும், வெயில் பட்டால் சிவக்கும் தோலும்தான். உன் பெற்றோரும் நேரத்தோடு போய்விட்டார்கள். வெள்ளைக்காரர் உன்னைக் கிட்டச் சேர்க்கவில்லை. கலப்பு வம்சத்துப் பறங்கியர் உன் பேச்சைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உன் தாய் பிறந்த லயத்துக்குப் போனால் கிழவிகள்கூட எழுந்து நின்றார்கள்.

"எந்திரிக்காதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க நானா. ஒக்காந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க எனக்குன்னு ஒரு சொந்தக்காரன் வீடு இல்ல" என்றாய் ஒருநாள். நான் பதிலாக ஏதோ பகிடி விட்டேன். அப்போதெல்லாம் எனக்குப் பகிடி சட்டென்று வரும்.

அந்தப் பகிடிகளில் நீயும் சளைத்தவன் இல்லை. அயர்லாந்தில் தனி அரசாங்கம் வந்துவிட்டது என்று பேப்பரில் படித்துவிட்டு, "நாங்க இங்கிலீஸ்காரன வெரட்டிட்டோம் நானா" என்று கூட்ஸ் செட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். "நீ இந்தக் கதிரைல இருந்துகொண்டேயா வெரட்டின?" என்று கேட்டேன். "மனசால வெரட்டுனேன்" என்றாய். அப்புறம் சத்தத்தைக் குறைத்து, அயர்லாந்துக்காரன் வெள்ளைக்காரன்தான், ஆனால் வெள்ளைக்காரனுக்கு ஆகாதவன் என்று விளக்கினாய். அந்த விளக்கம் உனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு நீ முதன்முதல் வந்தது சண்டை பிடிக்கத்தான். அன்று பெப்ரவரி முதலாம் திகதி. அரிசி வந்து குவிந்து கிடந்தது, எங்கள் வண்டி ஒன்றும் வரவில்லை. கண்டிக் கட்டுக்கலையில் எங்கள் முற்றத்துக்கு நீ மூச்சிரைக்க வந்தபோது ஐந்து வண்டிகளும் ஏர்க்கால் நிலத்தில் ஊன்றி வரிசையாக நின்றன. மாடுகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் சில்லு சுழலக்கூடாது, எந்தச் சக்கரமும் அசையக்கூடாது என்று சொன்னேன். வண்டி மட்டுமில்லை, உம்மா தையல் மெஷினையும் தொடமாட்டா. திரிகைக் கல்லும் அசையாது. எங்கள் பாட்டன், மூத்த வாப்பாவின் காலத்தில் அந்த நாளில் வண்டி கவிழ்ந்து ஓர் ஆள் மவ்த்தானதால் வந்த கட்டு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதையே உனக்கும் சொன்னேன்.

நீ ஏர்க்காலில் உட்கார்ந்து யோசித்தாய். "ஒங்க நாளெல்லாம் பெறையப் பாத்துத்தான வருது? இது மட்டும் கலண்டரப் பாத்து வருதே நானா?" என்றாய். நாற்பது வயதை எட்டப்போகும் எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. உம்மா தேத்தண்ணி அனுப்பினா. குடித்துவிட்டுப் போகும்போது ஒரு சில்லைத் தட்டிக்கொடுத்து, "சும்மா கெடக்குற சில்லப் பாத்தா பாவமா இருக்கு" என்றாய்.

அதற்கு அடுத்த வருடம் உனக்கு அயர்லாந்திலிருந்து கடிதம் வந்தது. பாட்டனின் பழைய பட்டாளக் காகிதத்தில் இருந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயில் சுவாமியாருக்கு நீ எழுதியிருந்தாய். எத்தனையோ மாதம் கழித்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வயோதிப வாத்தியார் ஒருவர் பதினொரு பக்கம் எழுதி அனுப்பினார். நீ அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். கூட்ஸ் செட்டில், அரிசி மூட்டைமேல் இருந்து, ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாய். உன் முகம் அப்படி மலர்ந்ததை நான் முன்னும் பின்னும் கண்டதில்லை.

கடல் பக்கத்தில் தென்மேற்கு மூலையில் ஓர் ஊர். வயலெல்லாம் கல் வேலி. ஓயாத மழை. விறகு கிடையாது, கறுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்த காலத்தில் ஊரில் பாதி செத்தது, மீதியில் பாதி கப்பல் ஏறியது. "எங்க அம்மா வழியும் பஞ்சம் பொழைக்க வந்தவங்க, அப்பா வழியும் பஞ்சம் பொழைக்க வந்தவங்க. நல்ல பொருத்தம்" என்று சிரித்தாய். இடிந்த உங்கள் வீட்டின் பின்னால் ஒரு முள்மரம் நிற்கிறதாம். அதில் கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடியிருப்பதால் அதை யாரும் வெட்டமாட்டார்களாம். "எங்க ஊர்லயும் முனி இருக்கான் நானா, வெள்ளக்கார முனி" என்றாய். பழைய குடும்பங்களில் ஒருவர் சாகப்போகும்போது வீட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து தலைவிரி கோலமாக அழுவாளாம், உங்கள் குடும்பத்துக்கும் அவள் உண்டாம். அவள் கடல் தாண்டி வருவாளா என்று கேட்டேன். "டிக்கட் எடுத்துக் குடுத்தா வருவா" என்றாய்.

பிறகு ஒன்பதாம் பக்கம் வந்தது. ஜனவரி கடைசி நாள் மாலையில், பிரிஜிட்டம்மா என்ற அந்த நாட்டுப் பெண் புனிதையின் பெயரால், ஒரு வெள்ளைத் துணியை வெளியே விரிப்பார்களாம். இரவில் அந்த அம்மா அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவாவாம். வருடம் முழுவதும் தலைவலிக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அதுதான் மருந்து. மறுநாள், பெப்ரவரி முதலாம் திகதி, அந்த அம்மாவுடைய நாள். அன்றைக்கு வண்டி பூட்டமாட்டார்கள், நூல் ராட்டினம் சுற்றமாட்டார்கள், அந்தப் பக்கத்தில் எந்தச் சில்லும் சுழலாது.

நீ வாசிப்பதை நிறுத்தினாய். நான் மூட்டையிலிருந்து சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் இருக்கு" என்று மெதுவாகத் தொடர்ந்தாய். அந்த வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். தம்பிதான் உன் பாட்டன். அண்ணன் பட்டாளத்தை விட்டு ஓடி, கண்டியில் முஸ்லிம்களோடு சேர்ந்து, அவர்கள் மார்க்கத்தைத் தழுவி, வண்டி மாடு வைத்துப் பிழைக்கிறான் என்று தம்பி ஊருக்கு எழுதினாராம். அதற்குப் பிறகு அவன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று தகப்பன் தடுத்துவிட்டாராம்.

நீ என் முகத்தையே பார்த்தாய். என் கண் பூனைக் கண். என் மகள் கண்ணும் அப்படித்தான். அதை வைத்து நீயே எத்தனை தடவை பகிடி பண்ணியிருப்பாய்.

"நானா," என்றாய், "ஒங்க மூத்த வாப்பா எந்த ஊரு?"

"அறபு நாட்டிலிருந்து வந்தவங்கட வழி" என்றேன். "எங்கட வாப்பா எழுதியே வெச்சிருக்கிறார்."

"அப்போ அந்த முதலாந்தேதி?"

"அது வண்டி கவுண்டு ஆள் மவ்த்தான நாள். ஒனக்குச் சென்னேன்தானே. கண்டில வண்டி மாடு வெச்சிருந்தவங்க கொஞ்சமா?"

நீ கடிதத்தை மடித்தாய். "ஆமா, நெறயப் பேரு" என்றாய்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மாதம்தான் என் தங்கச்சிக்கு அக்குறணையில் கலியாணம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வழிவம்சம் பார்க்கிறவர்கள். பாட்டன் பட்டாளத்தை விட்டு ஓடிய வெள்ளைக்காரன் என்று ஒரு சொல் வெளியே போனால் தங்கச்சி வீட்டோடு இருக்கவேண்டியதுதான் என்று பயந்தேன். வாப்பா எழுதி வைத்த தாளில் மூத்த வாப்பாவின் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்ததை அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் கவனித்தேன். தங்கச்சி கலியாணம் நடந்தது. பிள்ளைகளும் பிறந்தார்கள். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போது வெட்கம் வந்து தடுத்தது.

அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. நீ உன் பாட்டனின் அண்ணன் வழியைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப் பட்டி வண்டிப் பட்டியாக அலைந்தாய். மாத்தளைக்குப் போனாய், அக்குறணைக்குப் போனாய். "ஒங்க பாட்டன் வெள்ளக்காரரா?" என்று கேட்டதற்கு ஒருவன் உன்மேல் சாட்டையை ஓங்கினான். நான்தான் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணினேன். ஆம், நானும் உன்னோடு வந்தேன். நீ தேடிய ஆள் உன் பக்கத்தில் நடந்துகொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு, "அடுத்த கிழம பார்ப்போம்" என்று ஆறுதலும் சொன்னான்.

பிறகு காய்ச்சல் வருடம் வந்தது. மழை பொய்த்து, மகாவலி குட்டை குட்டையாகத் தேங்கி, மலேரியா நுளம்பு பெருகி, பேராதனைப் பக்கத்தில் காய்ச்சலில் நடுங்கும் ஆள் இல்லாத வீடே இல்லை. உன் வீடு ஆற்றோரமாக உள்ளே போகும் மண் பாதையில். மோட்டார் ஏறாது, மாட்டு வண்டிதான் போகும். ஜனவரி கடைசி வாரத்தில் நீ படுத்தாய். பெப்ரவரி முதலாம் திகதி சுபஹ் தொழுது வரும்போது உன் மனைவி அனுப்பிய ஆள் முற்றத்தில் நின்றான். கொடுத்த மருந்து கேட்கவில்லை, உனக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உடனே ஒரு வண்டி வேண்டும்.

ஐந்து வண்டிகளும் ஏர்க்காலூன்றி நின்றன.

உம்மா வாசலில் வந்து நின்றா. "இண்டைக்கு வண்டி பூட்டப்படாது மகன். ஒங்கட வாப்பா உசிரோட ஈக்கக்கொள்ள ஒரு நாளும் பூட்டல்ல. அந்தப் புள்ளைக்கே ஏதும் ஆகிடும்" என்றா. அவ சொன்னதில் வஞ்சகம் இல்லை, உன்மேல் அவவுக்குப் பிரியம்தான். வேறு வண்டிகளும் அன்றைக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் காய்ச்சல்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இரண்டு இடத்தில் கேட்டேன். மூன்றாவது இடத்தில் கேட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். உம்மாவின் சொல்லை மீறி ஒரு வண்டியைப் பூட்ட எனக்குக் கால் நாழிகை போதும். எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, வண்டியும் மாடும் என்னுடையவை. ஆனால் அது வெறும் விபத்துக் கட்டு இல்லை என்று அறிந்த பிறகுதான் எனக்கு அதில் பயம் கூடியிருந்தது. பாட்டன்மார் கடல் தாண்டிக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். அதில் கை வைத்தால் உனக்கே அடிக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது வசதியாகவும் இருந்தது.

வண்டிக்குப் பதிலாகத் துணியைக் கொண்டுவந்தேன். அன்று காலைதான் வேலியிலிருந்து எடுத்த, பனி காயாத துணி. கட்டுக்கலையிலிருந்து நடந்தே வந்தேன். உன் மனைவி வாசலுக்கு ஓடி வந்து என் பின்னால் பாதையைப் பார்த்தாள். வண்டி இல்லை என்று கண்டதும் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உன் நெற்றியெல்லாம் ஓடிக்கொலோன் பூசியிருந்தது. நான் துணியை மடித்து உன் தலையைச் சுற்றிக் கட்டினேன். நீ கண் திறந்து அதைத் தடவிப் பார்த்தாய்.

"ஈரமா இருக்கே. என்ன துணி நானா?"

"உம்மாட துணி. ராவு வேலில போட்டது."

நீ துணியின் ஓரத்தை விரலால் பிடித்தாய். பிறகு சிரித்தாய். உதடு வெடித்திருந்ததால் அந்தச் சிரிப்பு உனக்கு வலித்திருக்கவேண்டும்.

"இன்னைக்கு முதலாந்தேதியில்ல? வண்டி வேணாம் நானா. நம்ம பாட்டன்மாருக்கு ஆவாது. நாளைக்கு வெள்ளனப் போவோம்."

நம்ம பாட்டன்மார் என்றாய். எனக்கு நன்றாகக் கேட்டது. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டிருக்கலாம். ஓம் தம்பி, நம்ம பாட்டன்மார்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்பதாம் பக்கத்தை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாயே, அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் நீ யாரைத் தேடி அலைந்தாய்? நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தாயா? அப்போது நான் சொன்னது இதுதான்: "காய்ச்சல்ல பெனாத்தாம படு."

நீயே வேண்டாம் என்று சொன்னாயே என்பதைப் பிடித்துக்கொண்டு அன்று பகல் முழுவதும் உன் கட்டிலடியில் இருந்தேன். மறுநாள் வெள்ளென வண்டியோடு வந்தேன். உன்னை ஏற்றினோம். பாதி வழி, கெட்டம்பேயை நீ தாண்டவில்லை. உன் மனைவி "நிறுத்துங்க" என்றாள். நான் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மாட்டை அடித்து ஓட்டினேன். அங்கே இருந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுத் துணியை அவிழ்த்து என் கையில் தந்தார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு அழ வருகிறவள் வந்தாளா என்று தெரியாது. உம்மா அழுதா. உன்னை அடக்கின நாள் மாலை என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ள நம்மட ஆளோ மகன்?" என்று கேட்டா. அவவுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. "இல்ல உம்மா" என்றேன். அதுதான் நான் உன்னை மறுத்த மூன்றாவது தடவை. உம்மாவும் போய்விட்டா. அவவின் பெட்டியும் துணியும் என்னிடம் இருக்கின்றன, முதலாம் திகதிகளில் வண்டியும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இப்போது உன் மனைவி மடுல்கெல்லவில் தன் ஆட்களோடு இருக்கிறாள். வருடம் தவறாமல் உன் நினைவுப் பூசைக்கு முதல் நாளே, முதலாம் திகதி, ரயிலில் வந்து, பேராதனையில் இறங்கி, பிள்ளையோடு அந்த மண் பாதையில் உங்கள் பழைய வீட்டுக்கு நடந்து போகிறாள். நேற்று அவளிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "நாங்க நடந்தே போய்க்கிறோம். ஒங்களுக்கு அது ஆவாத நாளு" என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருக்கிறாள்.

இன்று துணியின் வாசம் வந்ததும் எழுந்து போய் வண்டிக்காரனிடம், நாளைக்கு ஒரு வண்டி பூட்டவேண்டும், நானே ஓட்டுவேன் என்றேன். என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஒங்களுக்கு என்ன புடிச்சீக்கி? வார மாசம் மகளப் பாக்க வாராங்க. ஊரெல்லாம் கேக்கும். என்னண்டு செல்வீங்க?"

"எண்ட தம்பிட பொஞ்சாதியும் மகனும் வாராங்க, கூட்டி வரப் போறன் எண்டு செல்வன்."

"ஒங்களுக்கு ஏது தம்பி?"

அவளைக் கதிரையில் இருத்தி, பதினொரு பக்கத்தையும் சொன்னேன். உன் மனைவி என்னிடம் தந்துவைத்திருந்த அந்தக் கடிதம் இத்தனை நாளும் அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. மகள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்களோ, வரமாட்டார்களோ, எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அஸர் தொழுதுவிட்டுத் துணியை நானே வேலியில் விரித்தேன். அதைக் கைவிட எனக்கு மனமில்லை. நாளைக்கு உன் மகனை முன்னால் என் பக்கத்தில் இருத்திக்கொள்வேன். சில்லு சுழல்வதை அவன் எட்டிப் பார்க்கட்டும். ஆற்றோரப் பாதைக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் இறக்கி, கதிரையில் இருத்தி, ஒரு வாய் தேத்தண்ணி கொடுப்பேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியப்பா என்று கூப்பிடச் சொல்வேன்.